காரின் அடியில் காணாமல் போன சல்லடை

அண்ணாச்சி ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். காலி எண்ணெய் டின்னைத் தட்டியதுபோல டொங் டொங்கென்று சத்தம் வந்தது. காருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல தம்பி. எவனோ வழிச்சு எடுத்திருக்கான்."

கோவண்டி சிவாஜி நகரில், காட்கோபர் - மான்கூர்டு இணைப்புச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது அவருடைய ஒர்க் ஷாப். தகரக் கூரை, ஒரு கார் மட்டும் நிற்கிற இடம், சுவரில் ஆணியடித்து மாட்டிய பானாக்கள், அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் ரயிலேறி வந்தவர். முப்பது வருடங்களுக்கும் மேலாக இந்தச் சந்தில் கார் வேலை பார்க்கிறார். பேச்சில் இந்தியும் மராத்தியும் கலந்து வந்தாலும், கோபம் வந்தால் நெல்லைத் தமிழ்தான். அன்றைக்குக் கோபம் வந்திருந்தது.

என் கார் 2006-ல் பதிவானது. எம்எச் 03 நம்பர். பெட்ரோல் வண்டி. மூன்று வருடங்களுக்கு முன் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பிக்கப் சுத்தமாக இல்லை. வேறொரு பகுதியில் ஓரளவு பெரிய ஒர்க் ஷாப்பில் விட்டேன். மறுநாளே வண்டி பறந்தது. பில்லில் 'சைலன்சர் கிளீனிங்' என்று ஒரு வரி. நானும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பச்சைப் பெட்ரோல் வாடை அடிக்கும். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் பியூசி என்ற புகைச் சான்றிதழ் எடுக்கப்போன இடத்தில் ஒரு பையன், குழாயைப் புகைபோக்கிக்குள் ஒழுங்காகச் செருகிப் பார்த்துவிட்டு, "கார்பன் மோனாக்சைடு ரொம்ப மேலே போகுது, சர்டிபிகேட் தர முடியாது சார்" என்று கைவிரித்தான். குழாயைச் செருகாமலேயே சர்டிபிகேட் வாங்கிப் பழகிய எனக்கு அவன்மீது எரிச்சல்தான் வந்தது. அவனுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

காருக்கு அடியில் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, சப்பையான எஃகுப் பேழை ஒன்று இருக்கும். அதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதன் வயிற்றுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 நுண்துளைகள். துளைகளின் சுவர்களில் அலுமினா பூசி, அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற மூன்று உலோகங்களைத் தூளிலும் தூளாக ஒட்டியிருப்பார்கள். மொத்தமாகச் சேர்த்தாலும் சில கிராம்தான். எஞ்சினிலிருந்து வரும் புகை இந்தத் துளைகளுக்குள் நுழைந்து போகும் கண நேரத்தில், கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. எரியாத பெட்ரோல் ஆவி, நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் உடைந்து சாதாரண நைட்ரஜனாக வெளியேறுகின்றன. கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறி, எஞ்சினும் சரியாக ஓடினால் இந்த நச்சுகளில் 90 சதவிகிதத்துக்கும் மேல் அங்கேயே அழிந்துவிடும். சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு வந்தால்தான் வேலையையே தொடங்கும்.

இதற்கு வழி போட்டவர் யூஜின் ஹூட்ரி. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் மூடியதைப் பார்த்து 1950-களில் வாகனப் புகைக்கென்று கன்வெர்ட்டரை உருவாக்கினார். ஆனால், அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஈயம் பட்டால் அந்த உலோகப் பூச்சு செத்துவிடும். 1962-ல் அவர் இறந்தபோதும் அது சாலைக்கு வரவில்லை. அமெரிக்காவில் 1975-ம் ஆண்டு மாடல் கார்களில்தான் பரவலாக வந்தது.

நமக்கு வர இன்னும் 20 வருடங்கள் ஆயின. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த அழுத்தத்தால், 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோலும் அந்த நகரங்களுக்கு வந்தது. நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில். இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களைப் பற்றி அண்ணாச்சிக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது. "கார் வச்சிருந்த நம்மாளுவ மே மாசம் ஊருக்குப் போவாங்க. வழியில பாதி பங்குல ஈயம் போட்ட பெட்ரோல்தான் கிடைக்கும். ஒரு டேங்க் ரெண்டு டேங்க் போட்டாலே கன்வெர்ட்டர் காலி. அதனால, போறதுக்கு முன்னாடி கழட்டி வைங்க அண்ணாச்சின்னு வந்து நிப்பாங்க. நானே பைப் போட்டுக் குடுத்திருக்கேன். திரும்பி வந்து மாட்டுனவங்க கொஞ்சப் பேருதான்."

அன்று கழற்றியதற்கு ஒரு காரணமாவது இருந்தது. இன்று என் வண்டியில் கழற்றியதற்கு?

அண்ணாச்சி முதல்நாள் மாலையே ஃபிளேஞ்ச் நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தார். காலையில் வண்டி முழுக்க ஆறிய பிறகுதான் கையை வைத்தார். ஓடி வந்த வண்டியில் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். ஜாக்கி கொடுத்துத் தூக்கியதும், இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்து உயிரை விட்டவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். ஆக்சிஜன் சென்சாருக்கு 22 எம்எம் சாக்கெட், வயர் வெளியே வருவதற்காக ஒரு பக்கம் வெட்டுவிட்டது. நிதானமாகத் திருகினார். அவசரப்பட்டால் மரை போய்விடும். ஒரு ஸ்டட் உடைந்தது. "உடையாட்டாத்தான் ஆச்சரியம். பம்பாய்க் கடல்காத்து" என்றபடியே டிரில் எடுத்தார்.

அரை மணி நேரத்தில் பேழை கையில் வந்துவிட்டது. அதைப் புரட்டி, பின்பக்கத்தை எனக்குக் காட்டினார். காரின் தரைத்தகட்டைப் பார்த்தபடி இருந்த, கீழே குனிந்தாலும் கண்ணில் படாத பக்கம் அது. அங்கே உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்து மூடியிருந்தார்கள். வெல்டிங் கோடு புழுவைப் போல நெளிந்து ஓடியது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஒரு பக்கம் அடித்த வெளிச்சம் மறுபக்கம் அப்படியே வெளியே வந்தது.

"ஜன்னல் வெட்டி, உளியால உடைச்சு, கொட்டி எடுத்துட்டு, திரும்ப மூடியிருக்கானுவ. கீழ இருந்து பாத்தா டப்பா டப்பாவாத்தான் இருக்கும். பாத்தியளா? இது சோம்பேறித்தனத்துல செஞ்ச வேலை இல்ல தம்பி. அந்த மண்ணுக்கு விலை இருக்கு."

மண் என்று அவர் சொன்னது அந்தப் பீங்கான் தூளை. இந்திக்காரர்கள் 'மிட்டி' என்பார்கள். 2020-க்குப் பிறகு குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சர் மட்டும் இரவோடு இரவாகக் காணாமல் போன செய்திகள் நினைவிருக்கின்றனவா? பல ஊர்களில் போலீஸ் கும்பல் கும்பலாகப் பிடித்தது. ஈகோவுக்கு அடியில் படுத்துக் கை நீட்டினால் கன்வெர்ட்டர் எட்டும். திருடர்களுக்கு வேண்டியிருந்தது அதற்குள் இருந்த மிட்டிதான். 2021-ல் உலகச் சந்தையில் ரோடியத்தின் விலை ஒரு டிராய் அவுன்சுக்கு, அதாவது 31 கிராமுக்கு, 29,000 டாலர் வரை தொட்டது. தங்கத்தைப்போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பட்டப்பகலில் கார் அடியில் ரம்பம் போட்டு அறுத்துப் போனார்கள். பிறகு விலை வெகுவாக இறங்கிவிட்டது. ஆனாலும், சும்மா கிடைக்கும் கிராமை விட மனம் வராதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். என் வண்டியிலிருந்து போனதற்கு நானே கூலியும் கொடுத்திருக்கிறேன்.

என் வண்டியைப் போன்ற பழைய கார்களில் இது எளிதாக மறைந்துவிடுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. புதிய கார்களில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள். உள்ளே போகும் புகையையும் வெளியே வரும் புகையையும் ஒப்பிட்டு, கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்றால் பி0420 என்ற கோடைப் பதிந்து டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை எரிய வைக்கும். இந்தியாவில் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்ட ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் கண்டறியும் முறை) வந்த பிறகே இந்தக் கண்காணிப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் முன்பக்க சென்சார் மட்டும்தான். கன்வெர்ட்டரைக் காலி செய்தாலும் எந்த விளக்கும் எரியாது. வண்டி முன்னைவிட நன்றாக ஓடுவதாகக்கூடத் தோன்றும், அடைத்திருந்தது போய்விட்டதல்லவா!

கொல்வது எஞ்சின்

எதனால் அடைத்துக்கொண்டது என்று அந்தப் பழைய ஒர்க் ஷாப் கேட்கவே இல்லை. அண்ணாச்சி கேட்டார். "கன்வெர்ட்டர் தானா சாவாது தம்பி. எஞ்சின்தான் அதைக் கொல்லும். கொன்னவனைப் பிடிக்காம புதுசு போட்டா, அதையும் கொல்லும்." பிளக்குகளைக் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வைத்தார். மூன்று பிளக்குகள் வெளிர்பழுப்பு. நான்காவது கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தது. அந்த சிலிண்டரில் பொறி சரியாக விழவில்லை. எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குப் போய், அங்கே எரிந்திருக்கிறது. அப்படி எரியும்போது உள்சூடு 1,000 டிகிரியைத் தாண்டி எகிறும். இன்னும் போனால் பீங்கான் உருகிக் குழம்பாகித் துளைகளை அடைத்துவிடும். என் வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது அதனால்தான்.

வேறு காரணங்களும் உண்டு. எஞ்சின் ஆயில் குடித்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் உலோகப் பூச்சின்மேல் படிந்து மூடும். ஹெட் கேஸ்கட் போய்க் கூலண்ட் கசிந்தாலும் கெடும். வேகத்தடையில் அடி வாங்கினால் பீங்கான் நொறுங்கும். மும்பைக்காரர்களுக்கு இன்னொன்று: ஜூலை மழையில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்கும்போது, பழுக்கச் சூடாக இருக்கும் பேழை சட்டென்று குளிர்ந்து உள்ளே விரிசல் விடும். பிறகு தட்டினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் கேட்கும். நல்ல கன்வெர்ட்டரைத் தட்டினால் 'தொப்' என்று நிறைந்த சத்தம்தான் வர வேண்டும்.

புதியது வாங்க குர்லாவின் சிஎஸ்டி சாலைக்குப் போனோம். பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளுக்கும் உதிரிபாகக் கடைகளுக்கும் பேர்போன சாலை. ஒரு கடையில் பளபளவென்ற ஒரு பேழையைக் கம்பெனி விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். அண்ணாச்சி கையில் வாங்கி எடை பார்த்தார். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே தேன்கூடே இல்லை, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்போல ஏதோ சுருட்டித் திணித்திருந்தது. இன்னொன்றில் தேன்கூடு இருந்தது; ஆனால், பூச்சே இல்லாத வெள்ளைப் பீங்கான். கடைசியில் கம்பெனி டீலரிடம் ஆர்டர் போட்டோம். விலை என் கையைக் கடித்தது உண்மை. சில நாட்களில் வந்தது.

மாட்டுவதை விரிவாகச் சொல்கிறேன். காரணம், சரியாக மாட்டாவிட்டால் வாங்கியதே வீண். முதலில் பிளக்கும் இக்னிஷன் காயிலும் மாற்றினார். பேழைமேல் ஓர் அம்புக்குறி இருக்கும்; அது வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரு முனைக்கும் புது கேஸ்கட். பழைய பேக்கிங்கை மறுபடி போட வேண்டாம். அங்கே நூலளவு கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு சென்சாரை ஏமாற்றும், எஞ்சின் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும், அந்தப் பெட்ரோல் மறுபடி கன்வெர்ட்டரைக் கொல்லும். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் போட்டு, ரப்பர் ஹேங்கர்களில் பைப் இழுவை இல்லாமல் தொங்குகிறதா என்று பார்த்து, பிறகு முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்கினார். சென்சார் மரையில் சிக்காமல் இருக்கும் பசை தடவினார், நுனியில் ஒரு துளிகூடப் படாமல். சூட்டுத் தகட்டைத் திரும்ப மாட்டினார். அதை வேண்டாமென்று தூக்கிப்போடுகிறவர்கள் நிறைய; காய்ந்த புல்லில் வண்டியை நிறுத்தும் நாளில் அதன் அருமை தெரியும். ஸ்டார்ட் செய்து, சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தெளித்து, குமிழி வருகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வரவில்லை.

இந்த ஊரின் காற்று

இதையெல்லாம் ஒருவர் செய்து முடித்த இடம் எது என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். சந்தின் முனையில் நின்று நிமிர்ந்தால் தேவ்னார் குப்பைமலை தெரியும். 1927-லிருந்து மும்பையின் குப்பை அங்கே கொட்டப்படுகிறது. 2016 ஜனவரியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தபோது புகை விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் தெரிந்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். பக்கத்து செம்பூர், மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். செம்பூரை 'கேஸ் சேம்பர்' என்று சொன்ன காலம் உண்டு. மருத்துவக் கழிவு எரிக்கும் ஆலையைக் குடியிருப்புகளுக்கு நடுவிலிருந்து அகற்றக் கோவண்டி மக்கள் பாம்பே ஹைகோர்ட் வரை போனார்கள். இந்தப் பகுதி அடங்கிய எம்-ஈஸ்ட் வார்டு, 2009-ம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்தது. காசநோய் கடுமையாகப் பிடித்திருக்கும் வார்டுகளில் இதுவும் ஒன்று. சீட்டா கேம்ப், செம்பூர், கோவண்டி என்று நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சு விடுவது இந்தக் காற்றைத்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பழைய கார் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஆலையும் குப்பைமலையும் என் கைக்கு எட்டாதவை. அவற்றுக்குக் கோர்ட்டும் போராட்டமும் தேவை. என் காரின் சல்லடை என் பொறுப்பு. இணைப்புச் சாலை சிக்னலில் என் வண்டியின் புகைக்குழாய்க்கு ரொம்ப மேலே இல்லை, நடந்து போகும் ஐந்து வயதுக் குழந்தையின் முகம். மூன்று வருடங்கள் அந்தக் குழந்தைகளின் முகத்தில் ஊதியிருக்கிறேன் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

மான்கூர்டு மண்டாலாவில் ஒரு பங்கார் கிடங்கு, நம் ஊர்ப் பேச்சில் காயலான்கடை. அங்கே கன்வெர்ட்டர் உடைப்பதையும் அண்ணாச்சி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். உளியும் சுத்தியலும். பேழைக்கும் பீங்கானுக்கும் நடுவே வெள்ளைப் பஞ்சுபோல ஒரு மெத்தை இருக்கும். அது செராமிக் இழை. மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. உடைத்த இளைஞனின் மூக்கில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. தூளை அள்ளிச் சாக்கில் போட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, வடாபாவை எடுத்துக் கடித்தான். என் காரிலிருந்து போன மண்ணையும் இவனைப்போல ஒருவன்தான் உடைத்திருப்பான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, புகை அளவை மீறி வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ; கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழப்பு. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உரிமையாளருக்கு. ஒர்க் ஷாப்காரர் செய்தாலும் கேள்வி வருவது உங்களிடம். 1999-ல் புகையால் பாதிக்கப்பட்டோர் அமைப்பு போட்ட வழக்கில் பாம்பே ஹைகோர்ட் வி.எம்.லால் கமிட்டியை அமைத்தது. அதன் பிறகுதான் மும்பை டாக்சிகள் சிஎன்ஜிக்கு மாறின. 2025 ஜனவரியில் அதே கோர்ட் சொல்லி, மும்பையில் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக நிறுத்த முடியுமா என்று ஆராய மாநில அரசு ஒரு குழு அமைத்தது. பெரிய கேள்விகளுக்குக் குழுக்கள் இருக்கின்றன. சந்துபொந்தில் ஜன்னல் வெட்டி வெல்டிங் வைப்பதைத் தடுக்க எந்தக் குழுவும் வராது. பியூசி பூத்தில் குழாயை ஒழுங்காகச் செருகும் ஒரு பையன்தான் இருக்கிறான்.

புது கன்வெர்ட்டர் போட்டு, அரை மணி நேரம் வண்டியை ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு, அதே பூத்துக்குப் போனேன். பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். குழாயைச் செருகினான். திரையைப் பார்த்தான். பிரிண்டர் சர்டிபிகேட்டைத் துப்பியது. அண்ணாச்சியிடம் போனில் சொன்னேன். "சரி தம்பி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஒருதடவை கொண்டாங்க, நட்டை இறுக்கித் தாரேன்" என்றார்.

உங்களிடம் பழைய பெட்ரோல் கார் இருந்தால், அடுத்த சர்வீசில் வண்டி ஆறியிருக்கும்போது கன்வெர்ட்டரை ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தை நீங்களும் குனிந்து கேளுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பழைய பேழையை அங்கேயே விட்டு வராதீர்கள். அதற்கு மதிப்பு இருக்கிறது. பில்லில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், இல்லையென்றால் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். பில்லில் 'சைலன்சர் கிளீனிங்' என்று எழுதியிருந்தால், உள்ளேயிருந்து எதை எடுத்தார்கள் என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.